சமதரை

ஏற்றம் வேண்டாம், படி வேண்டாம்,
மணலில் கால் வைக்கவே வேண்டாம்.
தினமும் அரை மணித்தியாலம், சமதரை
என்று துண்டில் எழுதினார் டொக்டர்.
பெயரிலேயே மலை வைத்திருக்கும் ஊரில்
சமதரைக்கு எங்கே போக என்றேன்.
நிமிராமல் சொன்னார்:
கடற்கரை வீதிக்குப் போங்கோ.

காலை ஐந்தே முக்கால், டைக் வீதியின் தெற்கு முனை.
முழங்காலில் ஒரு சாண் தழும்பு,
காலில் மகனின் பழைய சப்பாத்து,
ஓர் அளவு பெரிது, நுனியில் பஞ்சு.
வலக்கைப் பக்கம் டச்சுக்குடா
இன்னும் நிறம் எடுக்கவில்லை.
காணிப் பதிவுக் கந்தோரில்
எல்லை எழுதிப் பழகிய கை எனது.
இந்த ஊருக்கு உறுதி எழுதச் சொன்னால்
கிழக்கால் கடல்,
மேற்கால் கடல்,
நடுவில் நடக்கிற அளவு நிலம்.

எதிரே நீலத் தொப்பி.
கோட்டை வாசலிலிருந்து அவர் வருவார்,
நான் போவேன்.
தொப்பியைத் தொடுவார், நான் தலையசைப்பேன்,
அவ்வளவுதான், பெயர்கூட இல்லை.
முதல் கிழமை சந்தித்தது
ஐந்தாவது விளக்குக் கம்பத்தடியில்,
கவிழ்த்து வைத்த தோணி ஒன்றுக்குப் பக்கத்தில்.
பிறகு ஆறாவது. பங்குனி முடிய ஏழு.
கலண்டரில் திகதிக்குக் கீழே
கம்பத்தின் இலக்கத்தை எழுதி வைத்தேன்.
எட்டு வந்த அன்று
எனக்கு நானே ஒரு றோல் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பது வந்த அன்று
கோயில் மணி ஆறு அடித்தது.
அப்போது நான் ஏழாம் கம்பத்தில், தனியாக.
நின்று யோசித்தேன்.
மாசியிலும் இதே மணி கேட்டிருக்கிறேன்,
ஆறாம் கம்பத்தில்,
அவர் என்னைக் கடந்து போன பிறகு.

கணக்கு எனக்குத் தொழில்.
ஐந்திலிருந்து ஒன்பதுக்கு நாலு கம்பம்.
ஒன்று நான் நடந்து எடுத்தது.
மற்ற மூன்றும்
அவர் விட்டுத் தந்தது.

அன்று அவர் தொப்பியைத் தொட்டபோது
நான் தலையசைக்கவில்லை.
திரும்பி அவர் பக்கமாக நடந்தேன்.
"கால் நல்லாச் சுகம் போல" என்றார்.
"ஒவ்வொரு நாளும் தூரம் கூட வாறீங்கள்,
பாக்கச் சந்தோஷமா இருக்கும்."

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.
நிஹ்மத் என்றார் தன் பெயரை.
மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவராம்.
"எண்ணெய்க் குழாயில காத்துப் புகுந்தா
எஞ்சின் இப்பிடித்தான் இழுக்கும்" என்று
நெஞ்சைத் தட்டிக் காட்டினார்,
வேறொருவரின் வள்ளத்தைக் காட்டுவதுபோல.
டொக்டரிடம் போனீர்களா?
வியாழக்கிழமை போவாராம்.
எந்த வியாழன் என்று கேட்டேன்.
கடலைப் பார்த்துச் சிரித்தார்.

நாலாம் கம்பத்தடியில் ஒரு புள்ளிமான்,
விழுந்து கிடந்த லொத்தர்ச் சீட்டை
நிதானமாய் மென்றுகொண்டு நின்றது.
துரத்த இருவருக்கும் மனம் வரவில்லை.
பின்னால் வந்த ஓட்டோவும் ஹோர்ன் அடிக்காமல் நின்றது.
அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு திரும்பியது.
எனக்கு முழங்கால் விறைத்தது.

சூரியன் குடாவிலிருந்து கழன்று வர
தண்ணீர் திடீரென்று பச்சையானது.
"பின்னேரத்தில அந்தப் பக்கக் கடல் நல்லம்,
உள்துறைமுக வீதி, ஒரு மேடும் இல்லை" என்றார்.
வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு
அப்படியே நடக்கலாம் என்றேன்.
இந்த வியாழன், என்றேன் மறுபடியும்.

வீட்டுக்கு வந்து கலண்டரை எடுத்தேன்.
ஒன்பது என்று எழுதப் போனவள்
பேனையை மூடி வைத்தேன்.
சப்பாத்துக்குள் பஞ்சு நனைந்திருந்தது.